சுவிட்சர்லாந்து போய்வந்த பிறகு வீடு ஏன் கசக்கிறது?

கேள்வி: திருப்பூரில் வசிக்கிறோம். கணவர் பின்னலாடைத் தொழில் செய்கிறார். கணக்கு வழக்கை நான் பார்க்கிறேன். மே மாதம் பிள்ளைகளோடு 12 நாள் சுவிட்சர்லாந்துக்குக் குழுச் சுற்றுலா போய், கொச்சி வழியாகத் திரும்பினோம். வந்து மூன்று வாரம் ஆகிறது. எதிலும் மனம் ஒட்டவில்லை. ஹாரன் சத்தம், தெருக் குப்பை, சமையல், எல்லாமே எரிச்சல் தருகின்றன. கணவர், ‘இவ்வளவு செலவழித்துக் கூட்டிப்போனதற்கு இதுதானா பலன்?’ என்கிறார். அத்தை, ‘கண் பட்டுவிட்டது, சுற்றிப் போட வேண்டும்’ என்கிறார். பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது?

பதில்: முதலில் அத்தை சுற்றிப் போடட்டும். கொஞ்சம் உப்பும் நாலு மிளகாயும்தான் செலவு, அவருக்கும் நிம்மதி. கணவரின் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோவையிலிருந்து குடும்பங்களை வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு அழைத்துப்போவது என் தொழில். புறப்படுமுன் வரும் தொலைபேசி அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: குளிருக்கு என்ன துணி, ஊறுகாய் கொண்டுபோகலாமா, விசா எப்போது வரும். திரும்பி வந்த பிறகு வரும் அழைப்புகள் வேறு மாதிரி. ஆண்கள் கடன் அட்டை பில்லைப் பற்றிக் கேட்பார்கள். பெண்கள், நீங்கள் நேராகக் கேட்டதைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். அவற்றைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு தீர்மானமான எண்ணம் வந்திருக்கிறது. பனிமலையையும் ஏரியையும் விட்டுவந்த ஏக்கம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அதில் மலைக்கும் ஏரிக்கும் உள்ள பங்கு கால்வாசிகூட இருக்காது.

உடம்பின் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். கோடையில் சுவிட்சர்லாந்து நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. திரும்பிய மறுநாள் காலை 5 மணிக்கு எழுந்து நீங்கள் வாசல் தெளித்திருப்பீர்கள். உங்கள் உடம்புக்கு அப்போது இரவு ஒன்றரை மணி. மனித உடம்பின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாகவே ஓடுகிறது. ஆகவே மேற்கே போகும்போது நாளை நீட்டிக்கொள்வது அதற்கு எளிது. கிழக்கே திரும்பும்போது நாளைச் சுருக்கச் சொன்னால் முரண்டு பிடிக்கும். அந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்ததற்காகத்தான் 2017இல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்களுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்ற கணக்கில்தான் அது நம் ஊர் நேரத்துக்கு வந்து சேரும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஐரோப்பாவிலிருந்து திரும்பிய முதல் இரண்டு மூன்று நாளில் விடியற்காலை வெளிச்சத்தில் போய் நிற்கக் கூடாது. உடம்பு இன்னும் நடு இரவு என்று நம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் வெளிச்சம் பட்டால் கடிகாரம் எதிர்த் திசையில் நகரும். எட்டு, எட்டரை மணிக்குப் பிறகு நன்றாக வெளியில் நின்றால் சரியான திசையில் நகரும். நம் வீட்டுப் பெண்கள் செய்வது இதற்கு நேர் எதிர்: இருட்டோடு எழுந்து வாசல் வேலை, எட்டரை மணிக்கு அடுப்படிக்குள். முதல் வாரம் உங்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்பேன். ஆனால் மூன்று வாரத்துக்குப் பிறகும் இதன்மேல் பழி போட முடியாது. மதியத் தூக்கம் பழகிப்போயிருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இந்த மனநிலைக்குத் தலைகீழ்ப் பண்பாட்டு அதிர்ச்சி என்று ஒரு பெரிய பெயரை யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். வெளிநாட்டில் படித்தும் கற்பித்தும் நீண்ட காலம் இருந்துவிட்டுத் தாய்நாடு திரும்பிய அமெரிக்கர்களை ஆராய்ந்து, கல்லஹார்ன் தம்பதியர் 1963இல் விளக்கிய நிலை அது. துபாயிலும் சிங்கப்பூரிலும் பல ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்குப் பொருந்தும். 12 நாளில் யாருக்கும் பண்பாடு மாறிவிடாது. உங்களுக்கு நேர்ந்தது இதைவிடச் சின்னது, இதைவிட வீட்டுக்குள் இருப்பது.

அந்த 12 நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் இறங்கி வந்தால் ஓட்டலில் சிற்றுண்டி தயாராக இருந்தது. இரவில் ஏதோ ஓர் இந்திய உணவகத்தில் சோறும் பருப்பும் மேசைக்கு வந்தன. படுக்கையை வேறு யாரோ சரிசெய்தார்கள். ‘இன்றைக்கு என்ன சமையல்?’ என்று ஒருவர்கூட உங்களிடம் கேட்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து தொடர்ந்து 12 நாள் இப்படி எப்போதாவது வாய்த்திருக்கிறதா? அப்புச்சி வீட்டுக்கு, அதாவது உங்கள் தாய்வீட்டுக்கு, பிள்ளைகளைக் கூட்டிப்போனாலும் இரண்டாம் நாளே அம்மாயியோடு அடுப்படியில் நிற்பீர்கள்.

பிறகு என்ன நடந்தது? நெடும்பாசேரியில் இறங்கி, வேன் வாளையார் தாண்டுவதற்குள் பிள்ளைகள், ‘ரொட்டியும் சீஸும் போதும், வீட்டுக்குப் போனதும் அரிசிம்பருப்பு வேண்டும்’ என்றிருப்பார்கள். எல்லா வேனிலும் இதே பேச்சுதான். மற்றவர்களுக்கு அது வீடு திரும்பிய விருந்து. உங்களுக்கு அதுதான் முதல் ஷிப்ட். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்தவர் நீங்கள். பெட்டியைத் திறந்தபோது நான்கு பேரின் 12 நாள் அழுக்குத் துணி. எல்லோரும் ஒன்றாகத்தான் விடுமுறைக்குப் போனீர்கள். திரும்பி வந்ததும் மற்றவர்கள் ஓய்வெடுக்க, வேலைக்குத் திரும்பியது நீங்கள் மட்டும்தான்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. மே கடைசியில் இன்டர்லாக்கன் பக்கம் இரவு 9 மணி வரை வெயில் இருக்கும். சாப்பிட்டு முடித்த பிறகும் ஏரிக்கரையில் நடக்க ஒரு சாயங்காலம் மிச்சம் இருந்தது. நாமோ ஏறத்தாழ 11 பாகை வடக்கு அட்சரேகையில் இருப்பவர்கள். 7 மணிக்குள் சூரியன் மறைந்து சட்டென்று இருட்டிவிடுகிறது. அந்த நீண்ட சாயங்காலத்தில் உங்கள் பக்கத்தில் நடந்தவர் யார்? அங்கே மாலை 6 மணி என்றால் திருப்பூரில் இரவு ஒன்பதரை. அதற்கு மேல் சாயப்பட்டறையிலிருந்தோ, தையல் யூனிட்டிலிருந்தோ, ஷிப்மென்ட் விஷயமாகவோ யாரும் அவரைக் கூப்பிடவில்லை. உங்களுக்குக் கணவரைப் பேச்சுத்துணையாகத் தந்தது ஆல்ப்ஸ் மலை என்று நினைக்காதீர்கள்; அந்த மூன்றரை மணி நேர வித்தியாசம்தான் தந்தது.

ஆகவே அவரிடம், ‘இந்த ஊரே பிடிக்கவில்லை’ என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அவர் காதில் செலவுக் கணக்கு மட்டும்தான் விழும். எந்தத் தொழில்காரருக்கும் அப்படித்தான். ‘ஏனுங்க, அங்கே ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒன்றாக நடந்தோமே, அது இல்லாமல்தான் எனக்கு இப்படி இருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் செய்ய முடிந்த காரியம் ஒன்று அதில் இருக்கிறது. சாயப்பட்டறைக்காரர் கூப்பிடுகிற நேரத்தை முழுவதும் மாற்ற முடியாது. ஒரு மணி நேரம் கைபேசியை அலமாரியில் வைக்க முடியும். நேரமும் இப்போது தோதானது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வருகிற பருவம் இது. ஆடி முடியும் வரை சாயங்காலங்களில் பல்லடம், உடுமலைப் பக்கம் வீசும் காற்றுக்கு எந்த ஏரிக்கரைக் காற்றும் ஈடில்லை. சொந்த ஊரை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்படி விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். அரிசிம்பருப்பைப் போலச் சுலபமான சாப்பாடு உலகத்தில் குறைவு. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு. தாளித்துக் குக்கரில் போட்டால் வேலை முடிந்தது. மேலே ஒரு கரண்டி நெய். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், பையனாக இருந்தாலும். வாரத்தில் இரண்டு இரவு அதை அப்பாவும் பிள்ளைகளும் செய்யட்டும். உப்பு கூடினால் தயிர் இருக்கிறது. அத்தை முதலில் முகம் சுளிப்பார். பேரன் கையால் ஒரு முறை சாப்பிட்ட பிறகு தோட்டத்துச் சாளையில் இருக்கும் சொந்தபந்தம் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவிடுவார்.

ஹாரனும் குப்பையும் உண்மையான எரிச்சல்கள்தான், மழுப்ப மாட்டேன். நடப்பவருக்காகக் கார் நிற்கிற ஊரில் 12 நாள் இருந்துவிட்டுக் குமரன் சாலையைக் கடக்க நின்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: நீங்கள் பார்த்தது விருந்தாளிக்குக் காட்டிய சுவிட்சர்லாந்து. அங்கே பெரும்பாலான ஊர்களில் குப்பையை ஊராட்சி விற்கும் விலை கூடிய பையில்தான் போட வேண்டும். கண்ட பையில் போட்டால் அபராதம் கட்ட நேரும். பல அடுக்குமாடி வீடுகளில் துணி துவைக்கும் எந்திரம் பொதுவானது. உங்கள் முறை வரும் நாளில்தான் துவைக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அநேகமாகக் கிடையாது. அந்த ஒழுங்கு நம்மை மயக்குகிறது. அதற்குள் வாழ்கிறவர்கள் தினமும் அதற்குக் கூலி கொடுக்கிறார்கள். இன்னொரு செய்தி, உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைக்குச் சொல்லலாம்: அந்த நாட்டில் தேசியத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான். சென்னை மாகாணத்தில், சொத்துத் தகுதியோடுதான் என்றாலும், 1921இலேயே பெண்களுக்கு வாக்கு இருந்தது. மலையைப் பார்த்து நாட்டை எடைபோடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

இனி, ‘இதுதானா பலன்?’ என்ற கேள்வி. விடுமுறையின் மகிழ்ச்சி எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று நெதர்லாந்தில் 1,500 பேருக்கு மேல் ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விடுமுறைக்குப் போகிறவர்கள் மற்றவர்களைவிட அதிக மகிழ்ச்சியாக இருந்தது, புறப்படுவதற்கு முன்னால். திரும்பி வந்த பிறகு, போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மிகவும் நிம்மதியாகக் கழிந்தது என்று சொன்னவர்களிடம் மட்டும் கொஞ்ச நாள் அந்த மகிழ்ச்சி தங்கியது. எட்டு வாரத்துக்குள் அதுவும் போய்விட்டது. ஆகவே உங்களுக்கு வந்திருப்பது நன்றிகெட்டத்தனம் என்று கணவரும் நினைக்க வேண்டாம், நீங்களும் நினைக்க வேண்டாம். விடியற்காலை ஆறு மணிக்குப் பெட்டியைப் பேருந்தில் ஏற்றச் சொல்லும் குழுச் சுற்றுலாவை விற்றுப் பிழைப்பவன் நான். ஓய்வு வேண்டும் என்கிறவர்கள் அதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

அந்த ஆய்வில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது முன்பாதியை. விசாவுக்குக் கைரேகை வைத்ததும், குளிராடை வாங்கியதும், எந்த மலைக்கு முதலில் போவது என்று பிள்ளைகள் சண்டை போட்டதும் மாதக்கணக்கில் உங்கள் வீட்டை உயிர்ப்போடு வைத்திருந்தன. போய்வந்த அன்றே அந்த எதிர்பார்ப்பு மொத்தமும் தீர்ந்துவிட்டது. இப்போது நாட்காட்டியில் பள்ளிக் கட்டணமும் ஜி.எஸ்.டி. கடைசித் தேதியும்தான் இருக்கின்றன. அடுத்து எதிர்பார்க்க ஏதாவது ஒன்று வேண்டும்; பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கடைசியில் ஒன்று சொல்கிறேன்.

அனுபவத்தைச் சொல்லக் கேட்க ஆளில்லை என்பதும் உங்கள் குறைகளில் ஒன்றாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். படம் காட்டினால் பத்து நிமிடத்தில் எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். பனிமலையைப் பற்றிச் சொல்லாதீர்கள்; பனிமலை எல்லோரும் திரையில் பார்த்ததுதான். கேட்பவருக்கு வேண்டியதைச் சொல்லுங்கள். மாடு வைத்திருக்கும் அப்புச்சியிடம், கோடை வந்ததும் மாடுகளுக்குப் பெரிய மணி கட்டி மலைமேல் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகிறார்கள், இலையுதிர் காலத்தில்தான் இறக்குகிறார்கள் என்று சொல்லுங்கள். உடுமலையிலிருந்து மறையூர் வழியாக ஏறினால் வரும் மூணாறு மாட்டுப்பட்டியில் 1963இல் இந்திய-சுவிஸ் திட்டம் என்று தொடங்கி, சுவிட்சர்லாந்திலிருந்து பிரவுன் சுவிஸ் காளைகளைக் கொண்டுவந்து, நாட்டு மாட்டோடு சேர்த்து சுனந்தினி என்ற கலப்பினத்தை உருவாக்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பால் எத்தனை லிட்டர், தீவனம் என்ன என்று அவர் கேட்கத் தொடங்கினால் ராத்திரி வரை பேச்சு ஓடும். படங்களில் நாற்பதைப் பொறுக்கி அச்சிட்டு ஓர் ஆல்பம் போட்டுவிடுங்கள். மிச்சத்தைக் கைபேசியில் இரவெல்லாம் தள்ளிக்கொண்டு உட்கார வேண்டாம். இப்போதைக்கு அது புண்ணைச் சொறிகிற வேலை.

பணக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். வீட்டில் பாதிப் புழுக்கம் அதனால்தான். அட்டையில் செலவழித்ததற்கு வங்கிகள் பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம் வரை நாணய மாற்றுக் கட்டணமும், அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் போட்டிருக்கும், பில்லில் சரிபாருங்கள். மீந்த பிராங்க் நோட்டுகளில் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் திரும்பிய 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். நாணயங்களை மாற்றுக்கடைக்காரர் வாங்க மாட்டார், பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். சுற்றுலாத் தொகுப்புக்குப் பணம் கட்டியபோது டி.சி.எஸ். என்று, முன்கூட்டியே பிடிக்கும் வரியாக ஒரு தொகை சேர்த்து வாங்கியிருப்பார்கள். அதைச் செலவில் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். கட்டியவரின் பான் எண்ணில் அது வரவாக ஏறியிருக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். கணக்கு பார்ப்பவர் நீங்கள்தானே, அந்தத் தொகையைக் கணவரிடம் காட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகத் தூக்கம் வராமல், பசி இல்லாமல், முன்பு பிடித்த எதுவும் பிடிக்காமல் நாள் முழுவதும் சோர்வாகவே இருந்தால் அதைச் சுற்றுலாவின் கணக்கில் எழுதாதீர்கள். உள்ளே முன்பே இருந்தது, 12 நாள் விலகியிருந்து, மறுபடி தலை தூக்கியிருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாக, தமிழிலேயே கிடைக்கும்.

கடைசியில் சொல்கிறேன் என்றது இதுதான். இன்டர்லாக்கன் பக்கத்தில் பிரியன்ஸ் என்ற ஊரிலிருந்து ரோட்ஹார்ன் மலைக்குப் பல்சக்கர ரயில் ஒன்று போகிறது; 1892இல் தொடங்கியது. நடுவில் பல்வரிசைத் தண்டவாளம், அதைக் கவ்வி ஏறும் சக்கரம். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் அமைப்பு. நீராவி எஞ்சின்கள் விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையில் செய்தவை. உங்களிடமிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் அதே ஆப்ட் அமைப்புத்தான். 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் போட்ட பாதை. அதன் பழைய எக்ஸ் வகை எஞ்சின்களும் அதே விண்டர்தூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. கல்லாறு தாண்டியதும் பல்வரிசை தொடங்கி, குன்னூர் வரை ரயில் மூச்சு வாங்கி ஏறுகிறது. 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். காலை 7 மணியையொட்டிப் புறப்படுகிறது. மழைக்காலத்தில் மண்சரிவால் ஓட்டத்தை நிறுத்துவார்கள், எனவே நாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். நல்ல இருக்கைகள் உடனே தீர்ந்துவிடும். நான்கு டிக்கெட் எடுங்கள். இரவு அங்கேயே தங்குவதாக இருந்தால், சமையல் வசதி உள்ள வீடு எதையும் தயவுசெய்து எடுக்காதீர்கள், ஓட்டலிலேயே தங்குங்கள்.